எறிபொருள் கணக்கும் நானும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் இயற்பியல் துறையின் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – மலர்க் குழு)



செயலாளர் என்னிடம், "சார், பழைய நினைவுகள் ஏதாவது பேசுங்க, இருபது நிமிஷம் போதும்" என்றார். நினைவுகள் பேசுவதில் எனக்கு ஒரு சிரமம் இருக்கிறது. என் நினைவுகளில் பாதி இந்த அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. தப்பாகச் சொன்னால் எழுந்து திருத்திவிடுவார்கள். ஆகவே ஒரு கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எறிபொருள் கணக்கு. பாருங்கள், சொன்னவுடனேயே சில முகங்கள் மாறுகின்றன. பயப்பட வேண்டாம், கரும்பலகை கேட்கவில்லை.

1972இல் நான் இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தேன். திண்டுக்கல் பக்கம் ஒரு செம்மண் பூமி எங்கள் ஊர். பதினோரு ஆண்டும் தமிழில் படித்தவன். இங்கே வந்தால் எல்லாம் ஆங்கிலம். முதல் மாதம் இயற்பியல் வகுப்பில் 'ப்ரொஜெக்டைல்', 'ப்ரொஜெக்டைல்' என்று ஒரே முழக்கம். எங்கள் ஊருக்கு வரும் டூரிங் டாக்கீஸில் ப்ரொஜெக்டர் என்று ஒன்று உண்டல்லவா, அதைப் பற்றித்தான் பாடம் நடக்கிறது என்று பத்து நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல, சத்தியமான உண்மை. பதினோராவது நாள் பக்கத்திலிருந்த நண்பனிடம், "இந்த மெஷின்ல கார்பன் எங்கேடா போடுவாங்க?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த நண்பன் இன்று வந்திருக்கிறார். ஐம்பது வருஷமாக இதை ஊரெல்லாம் சொல்லியும் அவருக்கு அலுக்கவில்லை.

விஷயம் தெரிந்த பிறகு நான் செய்ததை நீங்கள் எல்லோரும் செய்திருப்பீர்கள். நாலு வாய்பாடுகளை உருப்போட்டேன். பறக்கும் நேரத்துக்கு ஒன்று, பெரும உயரத்துக்கு ஒன்று, கிடைத்தள வீச்சுக்கு ஒன்று, பாதையின் சமன்பாடு ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதல் தேர்வில் 50க்கு 7 வாங்கினேன்.

அந்த 7 மதிப்பெண் தாளைப் பார்த்து எங்கள் பேராசிரியர் என்னை மட்டும் தனியாக அறைக்கு வரச் சொன்னார். மூத்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியும். அவர் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஐயா என்றால் அவர் ஒருவர்தான். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவரோ மேசை விளிம்பில் இரண்டு பத்துப் பைசாக் காசுகளை வைத்தார். அடிக்கோலை வைத்து ஒன்றைச் சுண்டி எறிந்தார், அதே நொடியில் இன்னொன்று நேராகக் கீழே விழும்படி செய்தார். "கண்ணால பாக்காதே, காதால கேளு" என்றார். டக். ஒரே சத்தம். சுண்டிய காசு அறைக்கோடியில் கிடந்தது, மற்றது மேசைக்காலடியில் கிடந்தது. சத்தம் மட்டும் ஒன்று. மறுபடி செய்தார். இன்னும் வேகமாகச் சுண்டினார். அப்போதும் ஒரே சத்தம்.

"ஓடறது வேற, விழறது வேற. ஓடறவனுக்கு விழறவன் சமாச்சாரம் தெரியாது. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது கடிகாரம் ஒண்ணுதான்." இவ்வளவுதான் சொன்னார். எறிபொருள் பாடம் முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் பாடம் நடத்திய பிறகும் இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

பிறகு கேட்டார்: "உங்க ஊர்ல கிணறு இருக்கா?" இருக்கிறது என்றேன். "மோட்டாரா, கமலையா?" மூன்று வருஷத்துக்கு முன்தான் கமலையை எடுத்துவிட்டு அஞ்சு ஹெச்.பி. மோட்டார் வைத்தோம் என்றேன். "தண்ணி விழற குழாய் முனை படுக்கை வசமா இருக்கா, வளைஞ்சு கீழே பாக்குதா?" படுக்கைதான் என்றேன். "அப்போ ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போ. குழாய்க்கும் தொட்டித் தண்ணிக்கும் எவ்வளவு உயரம், குழாய் முனையிலிருந்து எவ்வளவு தள்ளித் தண்ணி விழுது, ரெண்டையும் அளந்துகிட்டு வா. மணிக்கு எவ்வளவு தண்ணி வருதுன்னு நீ எனக்குச் சொல்லணும்."

அன்று எனக்குப் புரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். குழாயிலிருந்து வரும் தண்ணீர் ஒவ்வொரு துளியும் ஒரு எறிபொருள். கல்லை எறிந்தால் அடுத்த நொடி காணாமல் போய்விடும். தண்ணீர் அப்படியல்ல. அது தன் பாதையை வரைந்து காட்டியபடியே நிற்கிறது. பரவளையத்தைப் பார்க்க எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம், வயலுக்குப் போனால் போதும். வேளாண் பொறியாளர்கள் மீட்டர் இல்லாத இடத்தில் நீரின் அளவைக் கண்டுபிடிக்க இந்த முறையை உண்மையாகவே பயன்படுத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரியிடம் டேப் இரவல் வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். குழாயின் நடுவிலிருந்து தொட்டி நீர்மட்டம் வரை 4 அடி. முனையிலிருந்து தண்ணீர்த் தாரையின் நடுப்பகுதி விழும் இடம் 5 அடி. அன்று எங்கள் பாடத்தில் பாதி அடிக்கணக்கு, பாதி சென்டிமீட்டர் கணக்கு. ஜி என்றால் 32ஆ 980ஆ என்பதே ஒரு தனிக் குழப்பம். அடிக்கணக்கில் ஜி 32.

முதலில் விழுகிறவனைப் பிடிக்க வேண்டும். குழாயை விட்டு வெளியே வரும்போது தண்ணீருக்குக் கீழ்நோக்கிய வேகம் எதுவும் இல்லை. 4 அடி விழ எவ்வளவு நேரம்? விழும் தூரம் என்பது பாதி ஜி பெருக்கல் காலத்தின் வர்க்கம். 16 பெருக்கல் கால வர்க்கம் 4 என்றால், கால வர்க்கம் கால். காலம் அரை நொடி. இனி ஓடுகிறவன். அதே அரை நொடியில் 5 அடி ஓடியிருக்கிறான். ஆகவே நொடிக்கு 10 அடி. முடிந்தது. வீச்சு வாய்பாடு வரவில்லை, சைன் காஸ் வரவில்லை. குழாய் 3 அங்குலம், முழுக்க நிறைந்து வருகிறது. அதன் வாய்ப் பரப்பு ஒரு சதுர அடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 10 அடி நீளத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய அரைக் கன அடி. இன்றைய கணக்கில் சொன்னால் நொடிக்குச் சுமார் 14 லிட்டர், மணிக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் லிட்டர்.

விடையை நம்ப முடியவில்லை. தாளில் 7 வாங்கியவனுக்குத் தன் விடையிலேயே நம்பிக்கை எப்படி வரும்? 200 லிட்டர் டீசல் பீப்பாய் ஒன்றைத் தாரைக்கு அடியில் வைத்தேன். மாமாவிடம் நொடி முள் உள்ள கைக்கடிகாரம் இருந்தது. கணக்குப்படி பதினாலரை நொடியில் நிறைய வேண்டும். பதினாறு நொடியில் நிறைந்தது. கொஞ்சம் வெளியே தெறித்தது, அதற்கு அந்த ஒன்றரை நொடி சரியாகப் போயிற்று. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, பிறகு பட்டம் வாங்கியபோதுகூட அப்படி இல்லை.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா, "என்னடா பண்றே தொட்டிக்குள்ள?" என்றார். மணிக்கு 50 ஆயிரம் லிட்டர் தண்ணீர் வருகிறது, ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றேன். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். "நாலு மணி நேரம் பத்தாது. வாய்க்கால் குடிக்கிறது போக அஞ்சு மணி நேரம் ஓட்டணும். இது எனக்கே தெரியுமே, இதுக்கா காலேஜு?" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெங்காயப் பாத்திக்குப் போய்விட்டார். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், "டேப்பை வெச்சே சொல்லிட்டான்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. 7 மதிப்பெண் வந்த வாரம், அடுத்த ஆனியில் என்னை ஊருக்கே கூட்டி வந்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இனி மாணவர்களுக்குக் கொஞ்சம். பெரியவர்கள் கண் மூடிக்கொள்ளலாம்.

இன்று பதினோராம் வகுப்பிலேயே உங்களுக்கு இந்தப் பாடம் வந்துவிடுகிறது. நீட், ஜே.இ.இ. என்று நிமிஷத்துக்கு ஒரு கணக்குப் போட வேண்டிய கட்டாயத்தில் வாய்பாடு தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் ஒரு வீட்டு விலாசம் உண்டு. கிடைத்தள வீச்சுக்கான வாய்பாடு, எறிந்த மட்டத்திலேயே விழுந்தால் மட்டும் செல்லும். கோபுரத்திலிருந்து எறிந்தால் செல்லாது, குழாய்க்குச் செல்லாது. குண்டு எறிகிறவனுக்குக்கூட அப்படியே செல்லாது. அவன் கையை விட்டுக் குண்டு கிளம்பும் உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் என்று உருப்போட்டிருக்கிறோம். நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து எறிந்து பாருங்கள், 42 டிகிரிக்குச் சற்று மேலே எறிந்தால்தான் அதிக தூரம் வருகிறது. நடைமுறையில் வீரர்கள் அதற்கும் கீழே எறிகிறார்கள், ஏனென்றால் தாழ்வாகத் தள்ளும்போது கைக்குக் கூடுதல் வேகம் கிடைக்கிறது. அது உடல் சம்பந்தப்பட்ட விஷயம், நம் உடற்கல்வி இயக்குநரைக் கேளுங்கள்.

ஒரே ஒரு கணக்கை வாயாலேயே போட்டுக் காட்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும், அதனால் கவனியுங்கள். 25 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து, கிடைமட்டத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கி, நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஒரு கல் எறியப்படுகிறது. கோபுரத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்? ஜி 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் போடுங்கள். படம் போடாமல் இந்தக் கணக்கைத் தொடுகிறவனுக்குக் காலணா கொடுக்க மாட்டேன் என்பார் ஐயா. எது மேல், எது கீழ், எந்தப் பக்கம் நேர்க்குறி என்று முதலிலேயே அம்புக்குறி போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேலே நேர்க்குறி என்றால் ஜி எதிர்க்குறி, கல் போய்ச் சேரும் இடமும் எதிர்க்குறி, 25 மீட்டர் கீழே. கீழே நேர்க்குறி என்று வைத்தாலும் தப்பில்லை, ஆனால் நடுவில் கட்சி மாறக் கூடாது. 40ஐ உடைத்தால் மேல்நோக்கி 20, கிடையாக 34.6. எதற்குச் சைன், எதற்குக் காஸ் என்று தடுமாறுகிறவர்கள் கோணத்தை எங்கிருந்து அளந்தோம் என்று படத்தைப் பார்த்தால் போதும். இப்போதைய கால்குலேட்டரில் இன்னொரு வம்பு, அது ரேடியனில் இருந்தால் சைன் 30க்கு அரைக்குப் பதிலாக வேறு எதையோ காட்டும். தேர்வு அறையில் உட்கார்ந்தவுடன் ஒருமுறை சைன் 30 தட்டிப் பாருங்கள்.

விழுகிறவனை முதலில் கவனிப்போம். 25 மீட்டர் கீழே வர எத்தனை நொடி? 5 கால வர்க்கம், கழித்தல் 20 காலம், கழித்தல் 25, சமம் பூஜ்யம். ஐந்தால் வகுத்தால் காரணிப்படுத்திவிடலாம். காலம் 5 நொடி, அல்லது கழித்தல் 1 நொடி. 5 நொடியில் ஓடுகிறவன் 34.6ஐ ஐந்தால் பெருக்கியது, 173 மீட்டர். விடை அவ்வளவுதான்.

அந்தக் கழித்தல் ஒன்றை எல்லோரும் அடித்துவிடுவீர்கள். நானும் அடிப்பேன். ஆனால் அடிக்குமுன் அதன் முகத்தை ஒரு தடவை பாருங்கள். இதே பாதையில் தரையிலிருந்தே ஒரு கல் கிளம்பி வந்திருந்தால், கோபுர உச்சியைத் தாண்டுவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால், நொடிக்கு 30 மீட்டர் மேல்நோக்கு வேகத்தில் தரையை விட்டிருக்கும். கணக்கு நாம் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறது. இயற்பியலில் எனக்குப் பிடித்த இடங்களில் இதுவும் ஒன்று.

உச்சியில் வேகம் பூஜ்யம் என்று எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உச்சியில் பூஜ்யமாவது மேல்நோக்கிய கூறு மட்டும்தான். ஓடுகிறவன் ஓடிக்கொண்டேதான் இருக்கிறான். முடுக்கமும் அங்கே பூஜ்யமில்லை. ஜி ஒரு கணம்கூட விடுப்பு எடுப்பதில்லை.

இந்தப் பாதை பரவளையம் என்று 1638இல் கலீலியோ நூலாக வெளியிட்டார். அப்போது அவர் வீட்டுக் காவலில் இருந்தார், கண் பார்வையும் போய்விட்டிருந்தது. அச்சானது இத்தாலியில் அல்ல, ஹாலந்தில் லெய்டன் நகரில். அதற்கு நூறாண்டு முன் 1537இல் டார்டாக்லியா என்பவர் பீரங்கிக்கு 45 டிகிரிதான் அதிக தூரம் தரும் என்று எழுதியிருந்தார். அந்தக் காலப் படங்களில் குண்டு நேர்கோடாக ஏறும், கொஞ்சம் வளையும், பிறகு செங்குத்தாக இறங்கும். நாம் சிரிக்கிறோம். ஆனால் மாலையில் நம் உள்ளரங்கில் இறகுப்பந்து ஆடும்போது பாருங்கள், இறகுப்பந்து ஏறக்குறைய அப்படித்தான் போய் விழுகிறது. காற்றின் தடை அதற்கு அவ்வளவு பெரிசு. "காற்றுத் தடை புறக்கணிக்கத்தக்கது" என்று கணக்கில் ஒரு வரி வரும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

பாடம் போதும். இனி நான் சொல்ல வந்தது.

நான் இங்கேயே 1979இல் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஐயாவிடம் படித்தவன், ஆகவே குழாய், பீப்பாய் என்று முதல் சில வருஷம் பிரமாதமாக நடத்தினேன். பிறகு வகுப்பில் எழுபது பேர், பாடத்திட்டம் முடிக்க வேண்டும், தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும். மெல்ல மெல்ல நானும் நாலு வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் பெட்டி கட்டிவிடும் ஆளாக மாறினேன். எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியாது.

1988 டிசம்பர் அரையாண்டுத் தேர்வு. கணிதப் பிரிவு முதலாண்டுக்கு இயற்பியல் துணைப்பாடம். கடைசியில் ஒரு பத்து மதிப்பெண் கணக்கு. சற்றுமுன் சொன்ன அதே கோபுரக் கணக்குதான். 74 தாள். இரவில் மின்வெட்டு, அரிக்கேன் விளக்கில் திருத்தினேன். தாளுக்குத் தாள் அதே தவறு. வீச்சு வாய்பாட்டைப் போட்டு 138.6 மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். கோபுரத்தையே மறந்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப அதையே பார்த்து எனக்கு எரிச்சல். கடைசியில் 138.6 என்ற எண் கண்ணில் பட்டாலே சிவப்பு மையால் மேலிருந்து கீழே ஒரு கோடு, ஓரத்தில் 1 மதிப்பெண், அடுத்த தாள்.

அந்த வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். வெளியூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போவார். அதிகம் பேசமாட்டார். அவருக்கு மொத்தம் 31 மதிப்பெண். அன்று 35 எடுத்தால் தேர்ச்சி. மதிப்பெண் அஞ்சலட்டையில் வீட்டுக்குப் போயிற்று. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நான்தான் கோடு போட்டேன், அதுவும் சிவப்பு மைதான். விசாரிக்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படி நின்றுபோகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் உண்டு, ஒவ்வொருவரையும் விசாரிப்பதா என்று நினைத்தேன். இப்போது அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நினைத்ததைச் சொல்கிறேன்.

2011இல் நான் துறைத் தலைவர். புதிதாக இயற்பியலில் சேர்ந்த ஒரு பையன் அறை வாசலில் நின்றான். கையில் பாலித்தீன் உறைக்குள் மடித்த ஒரு பழைய விடைத்தாள். "சார், எங்க அம்மா இங்கே கொஞ்ச நாள் படிச்சாங்க. இதை உங்ககிட்ட காட்டி, இந்தக் கணக்குல எங்கே தப்புன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

தாளை விரித்தேன். என் சிவப்புக் கோடு இருந்தது, என் 1 இருந்தது. முதல் பக்கத்தின் கடைசி வரியில் 138.6 மீட்டர். அதற்கு மேலே சிறிய எழுத்தில், "இது கோபுரத்தின் மட்டத்துக்குக் கல் திரும்பி வரும் வரை" என்று எழுதியிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். "4 நொடியில் கல் அதே மட்டத்துக்கு வருகிறது. அப்போது அதன் கீழ்நோக்கிய வேகம் 20. இனி 25 மீட்டர் விழ வேண்டும். 20 காலம் கூட்டல் 5 கால வர்க்கம் சமம் 25. காலம் 1 நொடி. அந்த ஒரு நொடியில் கிடையாக 34.6 மீட்டர். மொத்தம் 173.2 மீட்டர்."

சரியான விடை. சரியான வழி. எதிர்க்குறித் தொல்லையே இல்லாத வழி. முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கணக்கை நடத்திய எனக்கு இப்படி நடத்தத் தோன்றியதில்லை. வீச்சு வாய்பாட்டை அதன் வீட்டு விலாசத்தில் நிறுத்தி, அது முடிகிற இடத்தில் கையை விட்டு, மிச்சத்தைத் தனியாகப் போட்டிருந்தார். அந்தப் பின்பக்கத்திலும் என் சிவப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தது. அதாவது பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன், படிக்கவில்லை.

பையன் நின்றுகொண்டிருக்கிறான். "எங்கே சார் தப்பு?" என்றான்.

அந்த அம்மா இருபத்து இரண்டு வருஷம் தன் கணக்கில்தான் ஏதோ பிழை என்று எண்ணி, அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார். குறை சொல்லி அனுப்பவில்லை, சந்தேகம் கேட்டு அனுப்பியிருக்கிறார். நான் அந்தப் பையனை உட்காரச் சொன்னேன். தப்பு உங்கம்மா பேரில் இல்லை, என் பேரில் என்று சொன்னேன். பேனாவை எடுத்து 1ஐ அடித்து 10 போட்டேன். மொத்தத்தில் 31ஐ அடித்து 40 போட்டேன். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். பல்கலைக்கழக விதியில் இதற்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் காபி கொடுத்தார். "மார்க்கு மட்டும் காரணமில்லீங்க சார். அப்போ வீட்டிலயும் ஆத்தாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, மாப்பிள்ளையும் பார்த்துட்டு இருந்தாங்க. அந்த கார்டு வந்ததும் அப்பா, போதும்னு சொல்லிட்டாரு" என்றார். என் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் சொன்னாரா, உண்மையே அதுதானா, நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ 173 சரிதானுங்களே?" என்று மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார். சரிதான் என்றேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, இரண்டு வருஷம், ஒரு விடைத்தாளைக்கூட முழுக்கப் படிக்காமல் மதிப்பெண் போட்டதில்லை. இரண்டு வருஷம்தான். அதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷத் தாள்கள் இருக்கின்றன. அவற்றில் இன்னும் எத்தனை பேருடைய பின்பக்கங்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்றைய கூட்டத்துக்கு அந்த அம்மாவை அழைக்க வேண்டும் என்று செயலாளரிடம் போன மாதம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கியபடி சொன்னார், சங்க விதிப்படி இங்கே படிப்பை முடித்தவர்கள்தான் பழைய மாணவர்கள் என்று. நடுவில் நின்றுபோனவர்கள் உறுப்பினராக முடியாதாம். அவர் மேல் குற்றமில்லை, விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒரு பருவமாவது இங்கே படித்தவர்கள் அனைவரும் சங்க உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்த, மாலை நாலு மணிப் பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். எழுதி வைத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். ப்ரொஜெக்டர் நண்பர் கை தூக்குகிறார், நன்றி.

அதற்கு முன்னால் மூன்று மணிக்கு, விருப்பமுள்ள மாணவர்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள ஆழ்குழாய்க் கிணற்றுத் தொட்டிக்கு வாருங்கள். காலையில் போய்ப் பார்த்தேன், குழாயின் முனை படுக்கை வசமாகத்தான் இருக்கிறது. பீப்பாய்க்குச் சொல்லிவிட்டேன். டேப் ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று கிடைத்தால் நல்லது.